அம்மம்மா அழித்த டெக்ஸ்ட்

போன எபிசோடில் டெக்ஸ்ட் மோசடிகளைப் பற்றி நான் மூச்சுவிடாமல் கதைத்தது ஞாபகம் இருக்கா? "தெரியாத லிங்க்கை அமத்தாதீங்கோ, யோசிக்காமல் அழியுங்கோ" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். அந்த அறிவுரையை எங்கட வீட்டில் அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆள் அம்மம்மா. அதனால் என்ன நடந்தது என்பதை மைக்குக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2021-ல், கோவிட் தடுப்பூசி நேரத்தில், என்.எச்.எஸ். பெயரிலேயே போலி டெக்ஸ்ட்கள் சுற்றியது உங்களுக்குத் தெரியும். லிங்க்கை அமத்தினால் வங்கி விவரம் கேட்கும். அப்பவே நான் அம்மம்மாவின் போனை வாங்கிப் பாடம் எடுத்தேன். "இங்கிலீஷில லிங்க்கோட என்ன வந்தாலும் அழிச்சுப்போடுங்கோ அம்மம்மா." அவ அழித்தா. 2023-க்குப் பிறகு சேர்ஜரியிலிருந்து தடுப்பூசிக்குக் கூப்பிட்டு வந்த உண்மையான டெக்ஸ்ட்களையும் சேர்த்து அழித்தா. எத்தனை வந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

போன ஒக்டோபரில் அவவுக்கு வலது பக்க விலாவில் எரிவு தொடங்கியது. மூன்று நாள் ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. வாய்வு என்றா, பிறகு உளுக்கு என்றா. நாலாம் நாள் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் முதுகுத்தண்டிலிருந்து நெஞ்சு வரை அரைப் பட்டி மாதிரி எழும்பியது. அம்மா சூட்டுக் கொப்புளம் என்று சந்தனம் பூசினா. நான் படம் எடுத்து எங்கட பொட்காஸ்ட்டின் மற்றக் குரலுக்கு அனுப்பினேன். அவன் குடும்பம் மதுரை. ஒரு நிமிடத்தில் பதில்: "இது அக்கி. எங்க பாட்டிக்கு வந்துச்சு. உடனே டாக்டர்ட்ட போ."

போனோம். ஆனால் கொப்புளம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன் என்பார்கள். எங்களுக்கு அது தாண்டிவிட்டது.

டொக்டர் கொடுத்த கடிதத்தை வாசித்த அம்மா, காரில் ஏறின பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இதில ஹெர்பீஸ் எண்டு போட்டிருக்கு" என்றா. அம்மம்மாவுக்குக் கேட்கக்கூடாதாம். அந்தச் சொல்லுக்கு எங்கட வீடுகளில் இருக்கும் பயம் அப்படி. ஹெர்பீஸ் என்பது ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். உதட்டில் வரும் கொப்புளம், பல்கலைக்கழக முதல் வருடத்தில் பாதிப் பேரைப் படுக்கையில் போடும் கிளாண்டுலர் ஃபீவர், சின்ன வயதில் வந்த கொப்பளிப்பான், எல்லாம் அந்தக் குடும்பத்து ஆக்கள்தான். அக்கி புதிதாகத் தொற்றும் நோயும் இல்லை. முன்பு வந்த கொப்பளிப்பானின் அதே வைரஸ், அதே உடம்பில் திரும்ப எழும்புவது.

அம்மம்மாவுக்கு அம்மாள் வருத்தம் வந்தது 1968-ல், சாவகச்சேரியில், 19 வயதில். வேப்பிலைப் படுக்கை, வாசலில் வேப்பங்கொத்து, மூன்றாம் தண்ணி வார்த்தல், எல்லாம் அவவுக்கு இன்னும் ஞாபகம். அந்த வைரஸ் அவவின் முதுகுத்தண்டுக்குப் பக்கத்து நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துவிட்டது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், இடப்பெயர்வுகள், கொழும்பு லொட்ஜ், ஹீத்ரோ. ஐம்பத்தேழு வருடம் அது கூடவே வந்திருக்கிறது. அதுக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை.

ஏன் அரைப் பட்டி மாதிரி, ஒரு பக்கம் மட்டும்? இதற்கான பதிலின் முதல் பாதி எங்கட பக்கத்தில்தான் கிடைத்தது. ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வேலைக்குப் போகும்போது தினமும் வைட்சாப்பலைத் தாண்டுகிறேன். அங்கே இப்போது டவர் ஹம்லெட்ஸ் கவுன்சில் இருக்கும் கட்டிடம், பழைய லண்டன் மருத்துவமனை. அங்கே வேலை செய்த ஹென்றி ஹெட் என்ற டொக்டரும், காம்பல் என்ற நோயியலாளரும் 1900-ல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். அக்கி வந்து பிறகு இறந்துபோன 21 பேரின் உடல்களை ஆராய்ந்து, தோலில் பட்டி எழும்பிய இடத்துக்கு எந்த நரம்பு முடிச்சு நரம்பு அனுப்புகிறதோ அந்த முடிச்சே புண்பட்டிருக்கிறது என்று காட்டினார்கள். அக்கிகளை வைத்தே மனிதத் தோலுக்கு ஒரு நரம்பு வரைபடம் போட்டார்கள். (ஹெட் கொஞ்சம் வித்தியாசமான மனிதர். 1903-ல் உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கத் தன் கையிலேயே நரம்பை வெட்டச் சொன்னவர்.)

என் நண்பனின் பாட்டிக்கு ஊரில் வேறொரு வரைபடம் போட்டார்கள். மண்பானை செய்யும் குயவர் ஒருவர் வந்து, காவி மண்ணைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினாராம். அதுக்குப் பெயரே அக்கி எழுதுதல். அந்தக் காவி வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குயவர் பாட்டியின் உடம்பைப் பார்த்த உடனே இது அக்கி என்று கண்டுபிடித்தார். டிகிரியோடு எங்கட வீட்டில் இருந்த நாலு பேருக்கு அது தெரியவில்லை.

பதிலின் மறுபாதியைச் சொன்னவர் ஹோப்-சிம்சன். சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரில் ஜீபி. தன் நோயாளிகளை வருடக்கணக்காகக் குறித்துவைத்து, ஷெட்லாந்தில் யெல் என்ற தீவுக்கும் போய்க் குடும்பம் குடும்பமாக விசாரித்து, 1965-ல் எழுதினார்: வைரஸ் வெளியிலிருந்து திரும்ப வரவில்லை, நரம்புக்குள்ளேயே உறங்குகிறது, வயது போய் எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழும்புகிறது. 85 வயது வரை வாழ்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது அக்கி வரும் என்றும் கணக்குப் போட்டார்.

சரி, ஐம்பத்தேழு வருடம் அது எப்படி ஒளிந்திருந்தது? எனக்கு இரவு நித்திரை வராமல் வாசிக்க வைத்த கேள்வி இது. பதில் அந்த வைரஸின் உடுப்பில் இருக்கிறது.

வைரஸின் நடுவில் சுமார் 1,25,000 எழுத்துச் சோடிகள் கொண்ட டி.என்.ஏ. அதைச் சுற்றி இருபது முகம் கொண்ட புரதப் பெட்டி. எல்லாவற்றுக்கும் வெளியே கொழுப்பால் ஆன ஒரு உறை. அந்த உறை வைரஸின் சொந்தச் சொத்து இல்லை, நம் செல்லிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொண்டது. ஆனால் உறையில் குத்தி நிற்கும் புரதங்கள் வைரஸ் சொந்தமாகச் செய்தவை. சீனி மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் கிளைக்கோபுரதம் என்று பெயர். இந்த வைரஸுக்கு அப்படி 9 வகை இருக்கிறது. ஆங்கில எழுத்துகளால் ஜீ-பி, ஜீ-ஈ, ஜீ-எச் என்று கூப்பிடுவார்கள்.

செல்லுக்குள் நுழைவது ஜீ-பியின் வேலை. மடக்கிய குடை மாதிரி உறையில் நிற்கும். ஜீ-எச், ஜீ-எல் என்ற சோடியும் கூட நின்றால்தான் அது வேலை செய்யும். நேரம் வந்ததும் ஜீ-பி வடிவம் மாறி நீண்டு, செல்லின் சவ்வைக் குத்திப் பிடித்து, திரும்ப மடங்கி, இரண்டு கொழுப்புத் தோலையும் கிட்ட இழுத்து ஒன்றாக்கிவிடும். பெட்டி உள்ளே போகும். உறை? அது வாசலிலேயே நின்றுவிடும். கோயிலுக்குள் போக முன்னர் செருப்பைக் கழற்றி வைப்பது மாதிரித்தான். நரம்புச் செல்லின் கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. போய்ச் சேரும்போது அந்த உறை கூட இல்லை.

உறங்கும் காலம் முழுக்க அது உறைப் புரதம் எதுவும் செய்வதில்லை. நம் எதிர்ப்புச் செல்கள் வைரஸைத் தேடுவது அதன் புரதத் துண்டுகளை வைத்துத்தான். உடுப்பே இல்லாதவரை எந்த உடுப்பை வைத்துத் தேடுவது? உறங்கும் வைரஸ் முழு மௌனமும் இல்லை. 2018-ல் யூனிவர்சிட்டி கொலேஜ் லண்டனின் ஜூடித் ப்ரூயர் குழுவும் வேறு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, உறக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆர்.என்.ஏ. செய்தியை இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் கண்டுபிடித்தார்கள். ஆனால் உறைக்கான செய்திகள் அந்த நேரத்தில் அடங்கித்தான் கிடக்கின்றன.

ஆனால் வெளியே வர வேண்டும் என்றால் உடுப்பு வேண்டும். அதில் வைரஸுக்கு வேறு வழி இல்லை. புதிய பெட்டிகள் கருவிலிருந்து வெளியேறி, செல்லின் பொதி கட்டும் இடமான கொல்கிக்கு வரும். அங்கே ஜீ-ஈ ஏற்கனவே காத்திருக்கும். ஜீ-ஈயின் வாலில் விலாசம் மாதிரி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது. செல்லின் வெளித்தோலுக்குப் போனாலும் அந்த விலாசம் அதைத் திரும்பக் கொல்கிக்கு இழுத்துவரும். அங்கேதான் பெட்டிக்கு உறை போர்த்தப்படுகிறது. உதட்டுக் கொப்புள வைரஸ் ஆய்வுக்கூடத் தட்டில் ஜீ-ஈ இல்லாமலே சமாளிக்கும். கொப்பளிப்பான் வைரஸால் முடியாது. அதன் உறையிலும், அது பிடித்த செல்லின் தோலிலும் எல்லாவற்றையும்விட அதிகமாக இருப்பதும் ஜீ-ஈதான்.

இங்கே ஒரு விசித்திரம். அதை நான் வாசித்த நேரம் எங்கட வீட்டில் வேறொரு பயம் தொடங்கியிருந்தது.

நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆன் கெர்ஷன், மைக்கேல் கெர்ஷன் தம்பதியினர் கண்டது இது: இந்த உறைப் புரதங்களில் ஒட்டியிருக்கும் ஒரு வகைச் சீனி, செல்லுக்குள் "குப்பைக்கு அனுப்பு" என்ற அடையாளமாக வாசிக்கப்படுகிறது. அதனால் உடம்பின் உட்பகுதியில் செய்யப்படும் வைரஸ்களில் அனேகமானவை வெளியே வரமுதலே செல்லின் குப்பைத் தொட்டியில் அழிந்துபோகும். அங்கே வைரஸ் பக்கத்துச் செல்லோடு ஒட்டி ஒட்டித்தான் பரவ முடியும். ஆனால் தோலின் மேல் அடுக்கில் அந்த அடையாளத்தை வாசிக்கும் ஏற்பி இல்லை. அங்கே செய்யப்படும் வைரஸ் முழுசாக, சுதந்திரமாக, கொப்புளத் தண்ணிக்குள் வந்து நிற்கும்.

அந்தக் கொப்புளங்களுக்கு இரண்டு நாளாகக் கலமைன் பூசிவிட்டது என் மச்சாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். ஐந்து மாதக் கர்ப்பிணி. "உங்களுக்குச் சின்னனில கொப்பளிப்பான் வந்ததோ?" என்று கேட்டேன். "இல்லையே" என்றா, சும்மா சிரித்துக்கொண்டு.

இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் எல்லாரும் நேர்சரியிலேயே கொப்பளிப்பான் வாங்கிவிடுவோம். அதனால் எல்லாருக்கும் வந்திருக்கும் என்று நினைப்போம். எங்கட நாடுகளில் அப்படி இல்லை. வெப்ப நாடுகளில் இது பிந்தி வரும். வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு வந்தே இருக்காது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வெங்கிட்டராமனும் ஜேக்கப் ஜானும் ஊழியர், மாணவர் மத்தியில் இதை ஆராய்ந்து 1984-லேயே எழுதிவிட்டார்கள். அக்கியிலிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்பளிப்பான் வராத ஆளுக்கு அந்தத் தண்ணியிலிருந்து கொப்பளிப்பான் வரலாம். கர்ப்பிணிக்கு அது நுரையீரல் வரை போகக்கூடிய விஷயம்.

மச்சாளின் மிட்வைஃபுக்கு அன்றே போன் பண்ணினோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லை. தொடுகை நடந்து ஏழாம் நாளிலிருந்து ஒரு கிழமைக்கு வைரஸ் மாத்திரை. அந்த நாட்களில் அவவின் முகத்தில் ஒரு பரு வந்தாலும் வீடே கூடிநின்று பார்த்தது. ஒன்றும் வரவில்லை. மாசியில் பெண் பிள்ளை பிறந்தது, இரண்டு பேரும் சுகம். உங்கட வீட்டில் யாருக்கும் அக்கி வந்தால், ஊரிலிருந்து புதிதாக வந்த கர்ப்பிணிகள் கிட்ட இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கோ. இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனி அந்த அழிந்துபோன டெக்ஸ்ட்டுக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் அக்கித் தடுப்பூசி 2013 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது கொடுத்தது சொஸ்டவக்ஸ், பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். அமெரிக்காவில் 38,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பரிசோதனையில் அது அக்கியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வயது கூடக் கூடப் பலன் குறைந்தது. பிறகு வந்த ஷிங்ரிக்ஸ் வேறு மாதிரி யோசித்தது. முழு வைரஸ் எதற்கு? வெளியே வரக் கட்டாயம் போடவேண்டிய அந்த ஒரு உடுப்பை மட்டும் காட்டிக்கொடுத்தால் போதாதா?

அதுதான் ஜீ-ஈ. உறையில் குத்தி நிற்கும் பகுதியை வெட்டிவிட்டு, சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள். ஒரு ஊசியில் 50 மைக்ரோகிராம். தனியே போட்டால் வயதானவர்களின் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆகவே உடம்பைத் தட்டி எழுப்ப இரண்டு சாமான் சேர்க்கிறார்கள்: சால்மொனெல்லா பக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு கொழுப்பு, சிலி நாட்டு சோப்புப் பட்டை மரத்திலிருந்து எடுத்த ஒரு சப்போனின். நம் டி செல்கள் ஜீ-ஈயின் துண்டுகளை அப்போது மனப்பாடம் செய்துகொள்ளும். உறங்கும் வைரஸை இந்த ஊசி ஒன்றும் செய்யாது. அது எழும்பி உடுப்பு மாற்றத் தொடங்கும்போது பிடிபடும்.

2015-ல் வந்த பரிசோதனை முடிவை நான் இரண்டு தடவை வாசித்தேன். 18 நாடுகள், 50 வயதுக்கு மேற்பட்ட 15,000-க்கும் அதிகமானவர்கள். சராசரி மூன்று வருடத்துக்குச் சற்று மேல் கவனித்ததில், வெறும் ஊசி போட்டவர்களில் 210 பேருக்கு அக்கி. ஷிங்ரிக்ஸ் போட்டவர்களில் 6 பேருக்கு. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து அறையில் அம்மம்மா கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தா. படுத்தால் போர்வை பட்டாலே எரியுதாம்.

என்.எச்.எஸ். 2023 செப்டம்பர் 1-லிருந்து ஷிங்ரிக்ஸுக்கு மாறியது. இங்கிலாந்தில் அந்தத் திகதியிலோ அதற்குப் பிறகோ 65 வயது ஆகுபவர்களுக்கும், 70 முதல் 79 வயதுக்காரருக்கும் இலவசம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18 வயதே போதும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது: எங்கட பெரியப்பாவுக்கு 69, அவர் 70 வரை காத்திருக்க வேண்டும். 80 ஆகிவிட்டால் புதிதாகத் தொடங்கவும் முடியாது. அது கொடுமையான கோடு என்பது என் எண்ணம்; அக்கி 80-க்குப் பிறகு இரக்கம் காட்டுவதில்லை.

அந்தக் கோட்டால் ஒரு விஞ்ஞானப் பலனும் வந்தது. வேல்ஸில் பழைய ஊசிக்கு 1933 செப்டம்பர் 2 அன்றோ பிறகோ பிறந்தவர்கள் மட்டும் தகுதி. அதற்கு முதல் கிழமை பிறந்தவர்களுக்கு இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு 2025-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஊசி போட்டவர்களில் ஏழு வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. அது சொஸ்டவக்ஸ் கதை, ஷிங்ரிக்ஸ் இல்லை. காரணமும் இன்னும் தெளிவில்லை. ஆனாலும் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். வலிக்குப் பயப்படாதவ, மறதிக்குப் பயப்படுவா.

சின்னப் பிள்ளைகளுக்கான செய்தியும் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து கொப்பளிப்பான் தடுப்பூசி இங்கே குழந்தைகளின் வழமையான ஊசிகளோடு சேர்ந்துவிட்டது. மச்சாளின் மகளுக்கு ஒரு வயதில் கிடைக்கும். மச்சாளுக்குக் கிடைக்காமல் போனது.

அம்மம்மாவின் கொப்புளங்கள் நவம்பரிலேயே காய்ந்துவிட்டன. எரிவு நிற்கவில்லை. நரம்பு புண்பட்டதால் வரும் வலி இது. இரவில் ஒரு மாத்திரை, பகலில் தளர்ந்த சட்டை. மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவ, சேலைக் கரை விலாவில் உரசும் என்று இப்போது போவதில்லை. ஒரு நாள் நான் போனில் இருந்த அந்த டெக்ஸ்ட் விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லித்தான் நீங்கள் அழித்தீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நீ சொல்லாட்டிலும் நான் அதை வாசிச்சிருக்க மாட்டன் பிள்ளை. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றா. ஆறுதல் சொல்கிறாவா, குறை சொல்கிறாவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சேர்ஜரியில் அவவை ஒரு வருடம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மப்பாவுக்கு 78. அவரை நான் போன மாதமே கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்ட இரவு காய்ச்சல், இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. "நல்லா இருந்த மனுசனை வருத்தக்காரன் ஆக்கிப்போட்டாய்" என்று பேச்சு விழுந்தது. இரண்டாவது ஊசி ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் போட வேண்டும். சமையலறையில் தொங்கும் கடைக் கலண்டரில், புரட்டாசி முடிவில், சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அம்மம்மா கிட்ட வந்து பார்த்தா.

"என்ர வட்டம் எங்க?"

பேனையை அவவிடமே கொடுத்தேன்.